உடன் வராதவர்

மார்ச் 4, திங்கள்

இன்று இன்னொருத்திக்கு வழியனுப்பு. வருடம் பிறந்து இரண்டு மாதத்தில் இவள் மூன்றாவது ஆள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் மூலையில், குழாய்களைச் சுழற்றும் மெஷினுக்குப் பக்கத்தில் கேக் வெட்டினோம். "உள்ளே உண்ணக் கூடாது" என்று ஒட்டியிருக்கும் சுவரில் சாய்ந்துகொண்டுதான் எல்லோரும் தின்றோம். வெளிநாடு போகிறவள் ஆறு வருடமாக எனக்குப் பக்கத்து நாற்காலி. "நீங்களும் கிளம்புங்க. பதினாறு வருஷ அனுபவம், சும்மாவா? கொத்திக்கிட்டுப் போயிடுவாங்க" என்றாள். சிரித்து வைத்தேன்.

மதியம் நிர்வாகத்திலிருந்து சுற்றறிக்கை. அடுத்த ஜனவரி முதல் பரிசோதனைகளை வெளியே ஒரு கம்பெனியிடம் ஒப்படைக்கப் போகிறார்களாம். இங்கே ரத்தம் எடுத்து அனுப்ப ஆறு பேர் போதும். நாங்கள் பதினெட்டுப் பேர். படித்துவிட்டு யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நாற்காலி போட்டு ஏறி, அலமாரி உச்சியில் கிடந்த பழைய ஃபைலை இறக்கினேன். ஒன்பது வருடத் தூசி. அப்போதும் வெளிநாடு போகத்தான் இருந்தோம். மாமியார் படுக்கையில் விழுந்தார், அப்படியே நின்றுபோயிற்று. அவர் இறந்து ஆறு வருடம். இறந்த மறுவாரமே, பக்கத்துத் தெருவில் அவரோடு இருந்த அக்கா எங்களோடு வந்துவிட்டார்.

அக்கா என்றால் என் கூடப் பிறந்தவர் இல்லை. இவருடைய அக்கா, என் நாத்தனார். நாற்பத்தேழு வயது. பிறக்கும்போது மூச்சு முட்டியதில் ஏதோ ஆகிவிட்டது என்பார் மாமியார். பேச்சும் பிடிவாதமும் ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு உள்ளவை. நான் ஏறிய நாற்காலியை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "விழுந்துடாத, விழுந்துடாத" என்று கீழே நின்றது அவர்தான்.

மார்ச் 9, சனி

மூன்று நாடு, மூன்று ஃபைல். பெயர் எழுதினால் ஆசை கூடிவிடும் என்று நிறத்தை வைத்தே சொல்லிக்கொள்கிறேன்.

நீலம், மார்க் போடுகிற நாடு. வயது, படிப்பு, அனுபவம், மொழி, எல்லாவற்றுக்கும் மார்க். கூட்டுத்தொகை தேறினால் போய் இறங்கிய நாளிலிருந்தே நிரந்தரவாசி. யாரிடம் வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம். ஆனால் நாற்பது வயதானால் பத்து மார்க் போய்விடும். எனக்கு அக்டோபரில் நாற்பது. அதற்குள் அழைப்பு வந்தாக வேண்டும்.

பச்சையில் மார்க் கிடையாது. அங்குள்ள ஆஸ்பத்திரி ஒன்று நம்மைக் கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். சீக்கிரம் முடியும். ஆனால் அந்த ஆஸ்பத்திரியோடு மனஸ்தாபம் வந்தால் நாட்டோடும் மனஸ்தாபம்தான். அறுபது நாளில் மூட்டை கட்ட வேண்டும்.

மஞ்சள் வேலை தேடுவதற்கான அட்டை. ஒரு வருடம் அங்கே போய் இருந்து தேடலாம். புது மொழி, ஆனா ஆவன்னாவிலிருந்து. குடும்பம் பிறகு. எனக்கு இந்த வயதில் மூளையில் இடம் இருக்கிறதா?

குட்டியின் பழைய கணக்கு நோட்டில் அட்டவணை போட்டேன். எத்தனை மாதம், எத்தனை வருடத்தில் குடியுரிமை, இவருக்கு வேலை செய்ய அனுமதி உண்டா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். இவர் லிஃப்ட் மெக்கானிக், அதற்கு மூன்றிலும் வேலை இருக்கிறது. குட்டி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். பதிமூன்று வயது. எதுவும் தப்பாது.

"அம்மா, அத்தைக்குக் கட்டம் போடல?"

ஓரத்தில் இடம் இருந்தது. போட்டேன்.

மார்ச் 16, சனி

விசா ஆலோசகரைப் பார்க்கப் போனோம். மூன்றாவது மாடி, சுவர் முழுக்க உலகப்படம். பேசிக்கொண்டே பேனாவால் கண்டம் விட்டுக் கண்டம் தாவுகிறார். என் அனுபவத்தைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மேடம், ஒங்களுக்கு மூணு கதவும் திறந்திருக்கு. எந்தக் கதவுன்னு நீங்க சொல்லுங்க, தள்றது என் வேலை. கூட வர்றது யார் யாரு?"

"இவரு, என் பொண்ணு, என் நாத்தனார்."

எழுதிக்கொண்டு வந்தவர் பேனாவை நிறுத்தினார். "நாத்தனாரா? அப்படி ஒரு உறவே ஃபாரத்துல இல்லையே மேடம். கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைங்க. இதான் அவங்களுக்குக் குடும்பம்."

இவர் சொன்னார்: "எங்கள விட்டா அவங்களுக்கு ஆள் இல்ல சார்."

"புரியுது சார். ஃபாரத்துக்குப் புரியாது."

மார்ச் 17

அட்டவணையில் அக்காவின் கட்டம்: இல்லை, இல்லை, இல்லை.

மார்ச் 23, சனி

சுற்றறிக்கையைப் பற்றி இவரிடம் முழுசாகச் சொன்னேன். கிரீஸ் போகச் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். இவருக்கு எதையும் கையில் ஒரு வேலை இல்லாமல் கேட்க வராது.

"நீ பாரு. எந்த ஊரா இருந்தாலும் எனக்குச் சரி. லிஃப்ட் இல்லாத ஊரா இருக்கு? அக்காவ விட்டுட்டுங்கற பேச்சு மட்டும் வேண்டாம்."

"நான் அப்படிச் சொன்னேனா?"

"சொல்லல. சொல்ல வேணாம்னு சொல்றேன்."

நான் சொல்லவில்லை. நினைக்கவே இல்லையா? இது என் நோட்டுதானே, இங்கேயாவது பொய் வேண்டாம். எனக்குப் போக ஆசை. வேலை போகிறது என்பதற்காக மட்டும் இல்லை. ஒன்பது வருடமாகவே ஆசை. ஒவ்வொருத்தி கேக் வெட்டும்போதும் கைதட்டிவிட்டு வந்து, மைக்ராஸ்கோப்பில் குனிந்து கண்ணைத் துடைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

கிடைத்துவிட்டது! பச்சை நாட்டின் விதிகளில் நூற்றுச் சொச்சம் பக்கம் தாண்டி ஒரு பத்தி. "ஒரே வீட்டில் வசித்து, விண்ணப்பதாரரையே முழுவதும் சார்ந்து வாழும் பிற உறவினர்." பிற உறவினர்! ஆலோசகருக்கே தெரிந்திருக்கவில்லை. "பதினோரு வருஷத்துல இத யாரும் கேட்டதில்ல மேடம்" என்றார். ஒரே நிபந்தனை, குடும்பத்தில் எல்லோரும் மருத்துவச் சோதனையில் தேற வேண்டும். ஒருவர் தேறாவிட்டாலும் மொத்த விண்ணப்பமும் போச்சு.

இவரிடம் படித்துக் காட்டினேன். எழுந்து போய் அக்காவின் தலையைப் பிடித்து ஆட்டிவிட்டு வந்தார். என்ன விஷயம் என்று தெரியாமலே அக்காவுக்கு ஒரே சிரிப்பு.

ஏப்ரல் 20

ஆங்கிலத் தேர்வுக்குப் பயிற்சி. பேச்சுப் பகுதியில் ஒரு தலைப்பைக் கொடுத்து இரண்டு நிமிடம் பேசச் சொல்வார்கள். நான் ஃபோனில் பதிவு செய்வேன். அக்கா எதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே என் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் திருப்பிச் சொல்வார். பதிவைக் கேட்டால் மலையடிவாரத்தில் நின்று பேசியது மாதிரி இருக்கிறது.

இன்றைய தலைப்பு: உங்கள் வீட்டில் உள்ள ஒருவரை விவரிக்கவும். அக்காவைப் பற்றிப் பேசினேன். தலை பின்னிவிட்டால் அன்று முழுக்கப் பின்னலை முன்னால் போட்டுத் தடவிக்கொண்டே இருப்பார். வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றினால் ஜோடி சேர்த்து வாசலைப் பார்த்துத் திருப்பி வைப்பார். யார் அழுதாலும் காரணம் கேட்காமல் கூடச் சேர்ந்து அழுவார். இதில் எதையும் ஆங்கிலத்தில் சொல்ல வரவில்லை. நாற்பது நொடியில் முடிந்துவிட்டது.

மே 11

பச்சை நாட்டு ஆஸ்பத்திரியின் நேர்காணல். திரையில் மூன்று முகம். "தட்டணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைவு என்று மெஷின் காட்டுகிறது. நோயாளிக்கு ஒன்றும் இல்லை. என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்கள். மெஷினை நம்ப மாட்டேன், கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுப் பரப்பிப் பார்ப்பேன் என்றேன். சில பேருடைய ரத்தத்தில் தட்டணுக்கள் குழாயிலுள்ள மருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும். மெஷினுக்குக் கொத்தை எண்ணத் தெரியாது. வேறு மருந்துள்ள குழாயில் மறுபடி எடுக்க வேண்டும். நடுவில் இருந்த அம்மாள் குறித்துக்கொண்டு சிரித்தார்.

எடுத்துக்கொண்டார்கள். மாலையே கடிதம். இவர் அந்தக் கடிதத்தை ஃபோனில் படம் பிடித்து, தன்னோடு வேலை பார்க்கிற எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். "உங்க வீட்டுக்காரம்மா எங்களையும் கூட்டிட்டுப் போவாங்களா?" என்று பதில் வந்ததாம்.

ஜூன் 3, திங்கள்

மருத்துவச் சோதனை. நால்வரும் போனோம். அக்கா நல்ல உடுப்பு வேண்டுமென்று அடம்பிடித்துப் பச்சையில் பூப்போட்டதைப் போட்டுக்கொண்டார். எங்கள் மூவருக்கும் பத்துப் பத்து நிமிடம். அக்காவுக்கு ஒரு மணி நேரம்.

டாக்டர் நல்ல மாதிரி. பொறுமையாகத்தான் கேட்டார். இன்றைக்கு என்ன கிழமை, தானாகக் குளிப்பாரா, தனியாகக் கடைக்குப் போவாரா. எல்லாவற்றுக்கும் இவர் முந்திக்கொண்டு பதில் சொன்னார். "குளிப்பாங்க டாக்டர். போவாங்க டாக்டர்."

"கேள்வி அவங்களுக்கு சார்" என்றார் டாக்டர்.

பிறகு இவரைக் காட்டி, "இது யாரு?" என்றார்.

"என் தம்பி" என்றார் அக்கா. பெருமை தாங்கவில்லை. "அவனும் டாக்டர்தான். லிஃப்ட்டுக்கு."

டாக்டர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். சிரித்தபடியே அவர் எதையோ நீளமாக எழுதினார்.

ஜூன் 28, வெள்ளி

மறுத்துவிட்டார்கள். நால்வரையும்.

கடிதம் ஒன்றரைப் பக்கம். மரியாதையாக இருக்கிறது. நால்வரில் ஒருவரின் உடல்நிலை "எமது சுகாதார, சமூக சேவைகளின் மீது மிகையான சுமையாக அமையக்கூடும்." ஆலோசகர் இவருக்காக ஃபோனில் மொழிபெயர்த்துச் சொன்னார், இவர் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சுமைன்னா போட்டிருக்கு?"

"அது அவங்க சட்டத்து வார்த்தை சார். ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க."

"சுமைன்னுதானே?"

"ஆமா சார்."

இவர் ஃபோனை வைத்துவிட்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தார். அக்கா பின்னாலேயே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஜன்னலிலிருந்து பார்த்தேன். இரண்டு முதுகும் ஒரே மாதிரி. வலது தோள் கொஞ்சம் இறங்கி.

ஜூன் 29

ஆறு வருடமாக அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. வாய்விட்டு.

ஜூலை 6, சனி

நீல ஃபைலைத் திறந்தேன். கேட்காமல்தான் திறந்தேன். ஆங்கிலத் தேர்வில் நல்ல மார்க். அனுபவச் சான்றிதழ் இருக்கிறது. கூட்டினால் அழைப்புக்குத் தேவையானதைவிட ஐந்து அதிகம். அக்டோபர் தாண்டினால் ஐந்து குறைவு.

"மூணு பேருக்குப் போட்டு வைக்கிறேன். போட்டு வைக்கிறதுதானே" என்றேன். இவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததைச் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 22, திங்கள்

அழைப்பு வந்துவிட்டது. அறுபது நாளுக்குள் எல்லாத் தாள்களும் போக வேண்டும். பரிசோதனைக் கூடத்தில் நின்றபடியே படித்தேன். கையில் பிடித்திருந்த குழாயில் யாருடைய பெயர் என்று மூன்று முறை பார்த்தும் மனசில் ஏறவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

அக்காவைப் போன்றவர்கள் தங்கும் இல்லம் ஒன்றைப் போய்ப் பார்த்தோம். பேருந்தில் ஒன்றரை மணி நேரம். யோசனை என்னுடையது. "ஒரு மாசம் இருந்து பாக்கட்டும். பிடிச்சா மேல யோசிக்கலாம், பிடிக்கலைன்னா கூட்டிட்டு வந்துடலாம்" என்று நான்தான் சொன்னேன். சுத்தமான இடம். பெரிய கூடம், தோட்டம், பதினான்கு பெண்கள். காகித உறை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பொறுப்பாளர் அம்மாள் ஒவ்வொருத்தியையும் செல்லப் பெயரில் கூப்பிடுகிறார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. இருந்தால் நன்றாக இருந்திருக்குமோ?

இவர் கட்டில்களின் திருகாணியை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அக்காவை விட்டுவிட்டு வந்தோம். புதுப் பை வாங்கிக் கொடுத்திருந்தோம். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ராணி மாதிரி உள்ளே போனார். திரும்பும்போது குட்டி பேருந்தில் என் பக்கத்து இருக்கையை விட்டுவிட்டு அப்பாவோடு போய் உட்கார்ந்தாள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பார்வையாளர் நாள். இவருக்கு அவசர அழைப்பு, எங்கோ லிஃப்டில் நான்கு பேர் மாட்டிக்கொண்டார்கள். "நீ போய்ப் பாத்துட்டு வந்துடு" என்றார். தனியாகப் போனேன்.

அக்காவின் முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். பேன், எல்லோருக்கும் சேர்த்து வெட்டியதாம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. கழுத்து எவ்வளவு ஒல்லி என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. எழுந்தார், கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தார், தோளில் மாட்டிக்கொண்டார். "வா, போலாம்" என்றார். பை நிறைந்திருந்தது.

பொறுப்பாளர் அம்மாள் மெதுவாகச் சொன்னார்: "தினமும் காலைல எல்லாத்தையும் மடிச்சு உள்ள வச்சுக்குவாங்க. சாயங்காலம் நாங்க பிரிச்சு அலமாரில வைப்போம். சாப்பாடுதான் கொஞ்சம் குறைவு. பழகிடுவாங்கம்மா. மூணு மாசம் ஆகும்."

மூணு மாசம். தாள்களை அனுப்ப எனக்கு இருந்தது முப்பத்துமூணு நாள்.

அக்கா வாசலைப் பாத்தே நின்னாங்க. நான் என்ன பண்ணேன்? தோள்லேர்ந்து பையக் கழட்டினேன். கட்டில்ல வச்சு ஒவ்வொண்ணா எடுத்தேன். உடுப்பு, சீப்பு — முடியே இல்ல, சீப்ப மடிச்ச துணிக்குள்ள பத்திரமா வச்சிருந்தாங்க — குட்டியோட பழைய பென்சில் டப்பா. எல்லாத்தையும் அலமாரில அடுக்கினேன். "இன்னிக்கு இல்லக்கா. அப்புறம்." அவங்க அழல. அழுதிருந்தா கூட்டிட்டு வந்திருப்பேனா? தெரியல. அழாததுனால தப்பிச்சேன்.

இவர் திரும்பி வரும்போது கதவைத் திறந்தவள் நான்.

"எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காங்க. அங்க எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு அவங்கள."

"சாப்பிடறாளா?"

"சாப்பிடறாங்க."

இவர் முகம் தெளிந்தது. மூன்று வாரத்தில் அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. அந்த முகத்துக்காகத்தான் சொன்னேன் என்று எழுத வந்தேன். இல்லை. விண்ணப்பத்துக்காகச் சொன்னேன்.

ஆகஸ்ட் 19

இரண்டு மாதிரியில் பெயரை மாற்றி ஒட்டிவிட்டேன். நானே கண்டுபிடித்துச் சரி செய்தேன். பதினாறு வருடத்தில் முதல் முறை.

ஆகஸ்ட் 31, சனி

இவர் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இல்லத்துக்குப் போயிருக்கிறார். சாயங்காலம் நான்கு மணிக்கு வாசலில் சத்தம். அக்கா, பை, பின்னால் இவர். அக்கா உள்ளே நுழைந்ததும் எல்லோருடைய செருப்பையும் ஜோடி சேர்த்துத் திருப்பி வைத்தார். அதற்குப் பிறகுதான் தண்ணீர் கேட்டார்.

சமையலறையில் இவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"பதினெட்டாம் தேதி நீ போனப்பவே முடி வெட்டியாச்சா?"

"ம்."

"அப்பவும் பை கட்டி வச்சிருந்தாளா?"

"ம்."

"பிரிச்சு வச்சது நீயா?"

அதற்கு "ம்" சொல்ல வரவில்லை.  இவர் அக்காவுக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கத்தியிருக்கலாம். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். பதினைந்து வருடத்தில் இவர் என்னிடம் ஒரு கேள்விக்குப் பதிலை எதிர்பார்க்காமல் போனது இதுதான் முதல் தடவை.

செப்டம்பர் 2, திங்கள்

குட்டி பள்ளிக்குப் போன பிறகு இவர் உட்காரச் சொன்னார். கையில் வேலை எதுவும் இல்லாமல் என் எதிரே உட்கார்ந்தார். அதுவே பயமாக இருந்தது.

"நீயும் குட்டியும் போங்க. நான் அக்காவோட இருக்கேன்."

"கோபத்துல சொல்றீங்க."

"ரெண்டு நாளா யோசிச்சுட்டுத்தான் சொல்றேன். அன்னிக்கு எங்க அம்மாவுக்காக நீ நின்ன. மூணு வருஷம் அவங்களக் குளிப்பாட்டி விட்ட. ஒரு வார்த்தை சொன்னதில்ல. அத நான் மறக்கல. இப்ப ஒன்னயும் நிறுத்தினா நான் மனுஷன் இல்ல. ஜனவரிக்கு அப்புறம் இங்க ஒனக்கு வேலையும் இல்ல."

"அப்ப என் மேல கோபம் இல்லயா?"

"இருக்கு" என்றார். சாதாரணமாக, மணி கேட்டால் சொல்வது மாதிரி. "அது தனி."

நான் அந்த நிமிடமே "அப்ப நானும் போகல" என்று சொல்லியிருக்க வேண்டும். எந்த மனைவியும் சொல்வாள். வாய் வரைக்கும் வந்தது.

"யோசிக்கிறேன்" என்றேன்.

செப்டம்பர் 8

யோசித்துவிட்டேன். தாள்களை அடுக்க ஆரம்பித்தேன். குட்டி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்பா எப்ப வருவாரு?"

"நாம போய் நிலைச்சதும் கூப்பிட்டா வந்துடுவாரு."

"அத்தையையும் கூப்பிட முடிஞ்சாத்தானே அப்பா வருவாரு?"

"பாக்கலாம்."

"நீயும் இப்ப அப்பா மாதிரியே 'பாக்கலாம்'ங்கற."

செப்டம்பர் 14, சனி

ஆலோசகர் அலுவலகம். இவரும் வந்தார். இருவர் மட்டும் போகிறோம் என்றதும் ஆலோசகர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். இன்றைக்கு உலகப்படத்தின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"மேடம், ஒண்ணு கேளுங்க. சார் வரலைங்கறதுக்காகப் பேர விட்டுடாதீங்க. இப்ப விட்டா பின்னாடி கூப்பிடவே முடியாது. குடும்ப விவரத்துல போட்டுட்டு, எதிர்ல 'உடன் வராதவர்'னு டிக் பண்ணுங்க. அஞ்சு வருஷத்துக்குள்ள எப்ப வேணா சார் வரலாம்."

படிவத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தார். உறவு: கணவர். பெயர். பிறந்த தேதி. எல்லாம் எழுதினேன். இரண்டு சிறிய கட்டம், உடன் வருபவர், உடன் வராதவர். பேனா ஓடவில்லை. இவர்தான் என் கையிலிருந்து பேனாவை வாங்கி, குனிந்து, டிக் போட்டார். லிஃப்டைச் சரிபார்த்துவிட்டுப் பதிவேட்டில் போடுவாரே, அதே மாதிரி சின்ன, அழுத்தமான டிக்.

அக்காவின் பெயரை எழுத அந்தப் படிவத்தில் எங்கேயும் இடம் இல்லை.

அக்டோபர் 21

நாற்பது. அக்கா பட்டாணி உரிப்பதை நிறுத்திவிட்டு வந்து கன்னத்தைத் தடவினார். அவருக்கு என் மேல் எதுவும் இல்லை. என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

நவம்பர் 26

விசா வந்துவிட்டது. இரண்டு பெயர். இவர் வரி வரியாகப் படித்து, எங்கள் பெயர்களில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை.

ஜனவரி 19, ஞாயிறு

விமானத்தில் எழுதுகிறேன். குட்டி அழுது முடித்துவிட்டுத் தூங்குகிறாள்.

காலையில் அக்கா வீட்டு வாசலில் நின்று எப்போதும் போல, "சாயங்காலம் சீக்கிரம் வா" என்றார். "சரிக்கா" என்றேன். பக்கத்து வீட்டு அம்மாவிடம் அவரை விட்டுவிட்டு இவர் எங்களோடு விமான நிலையம் வந்தார். பெட்டிகளோடு லிஃப்டில் ஏறினோம். கதவு மூடும்போது ஒரு சின்னச் சத்தம். இவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "ரோலர் தேஞ்சிருக்கு. ஒரு மாசம் தாங்காது" என்றார். மேலே போனதும் கூட்டம், வரிசை, அதிகாரி கையை ஆட்டி உள்ளே வரச் சொன்னார். குட்டியைக் கட்டிக்கொண்டார். என் தோளில் கை வைத்தார், எடுத்தார். என்னிடம் அவர் நேராகச் சொன்ன கடைசி வார்த்தை அந்த ரோலரைப் பற்றித்தான்.

பிப்ரவரி 24, திங்கள்

புது ஆஸ்பத்திரியில் இன்று முதல் நாள். நேற்று ஞாயிறு, வழக்கம் போல் ஃபோன். குட்டியோடு அரை மணி நேரம் பேசினார். என்னோடு மூன்று நிமிடம். குளிர் எப்படி, சாப்பிட்டாயா, சரி. ஆலோசகர் அனுப்பிய தாள்களில் கையெழுத்துப் போட்டீர்களா என்று கேட்டேன், இவர் பின்னால் வருவதற்கானவை. "இருக்கட்டும். அவசரமில்ல" என்றார். போட மாட்டார். இப்போது எனக்குத் தெரியும். அக்கா இருக்கும் வரை போட மாட்டார். அக்கா இல்லாமல் போகட்டும் என்று நான் நினைக்க முடியுமா? அதுவும் நானா?

காலை எட்டு மணிக்கு அலுவலக அறையில் சேர்க்கைத் தாள்களை நிரப்பினேன். எழுத்தர் என்னைவிடப் பத்து வயது மூத்த பெண். அவரும் எங்கிருந்தோ வந்தவர்தான், பேச்சில் தெரிந்தது. கடைசித் தாள்: பணியிடத்தில் எனக்கு ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிட வேண்டும். இவர் பெயரையும் எண்ணையும் எழுதிக் கொடுத்தேன்.

அவர் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார். இந்த நாட்டில் இருப்பவராக இருக்க வேண்டுமாம். ஒரு மணி நேரத்துக்குள் வந்து சேரக்கூடியவராக.

என் மகள் இருக்கிறாள் என்றேன். வயது கேட்டார். பதினான்கு. தலையை ஆட்டினார்.

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். வாடகை வீட்டுச் சொந்தக்காரர் பெயர் தெரியாது, அவருடைய ஏஜென்டைத்தான் தெரியும். பேருந்தில் தினமும் ஒருவர் தலையசைக்கிறார். அவ்வளவுதான்.

அவர் எதுவும் கேட்காமல் தாளைத் தன் பக்கம் இழுத்து, இவர் பெயரை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, மேலே தன்னுடைய பெயரையும் எண்ணையும் எழுதினார். "வேறு யாராவது கிடைத்ததும் வந்து மாற்றிக்கொள்ளுங்கள்" என்றார்.

நன்றி சொன்னேன். அவர் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். எனக்கு வரவில்லை. மெதுவாக இன்னொரு முறை சொல்லிக் கொடுத்தார்.